பள்ளிக்கூட வேனில் பனிக்காற்றை அடைக்கப் போனேன்: விழுப்புரத்திலிருந்து ஒலக்கூர் வரை

பழைய வேன் வாங்கி, உள்ளே கட்டில் அடித்து, பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றலாம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் அதைச் செய்தேன். மார்கழிக் கடைசி வாரத்தில் ஒரு வியாழக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை காலையிலேயே திரும்பிவிட்டேன். மூன்று ராத்திரிப் பயணம் இரண்டோடு முடிந்துபோனது. மொத்தம் நூற்றுப் பத்து கிலோமீட்டர். தெருவில் கேட்டவர்களிடம் ஐந்நூறு என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்ல மனசு வரவில்லை.

நான் விழுப்புரத்தில் பந்தல் போடுகிறவன். முப்பத்திரண்டு வருஷத் தொழில். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தினேன். வாத்தியாரைக் கேட்டால் படிப்புதான் என்னை நிறுத்தியது என்பார். ஆனால் கணக்கில் புலி. ஒரு மைதானத்தைக் கண்ணால் பார்த்தே எத்தனை கொம்பு, எத்தனை முழம் கயிறு என்று சொல்லிவிடுவேன். பெரிய பெரிய இன்ஜினியர்கள் என் பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் சந்தேகமே கேட்டார். பந்தி எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார், இருந்தாலும் மரியாதையாகக் கேட்டார்.

என் பந்தல் ஒன்றுகூடப் பறந்ததில்லை. ஒரு முறை புயல் அடித்து ஊரில் இருந்த ஓட்டு வீடெல்லாம் கூரை இழந்து நின்றபோது, என் பந்தலுக்குள் எண்ணூறு பேர் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள். என் மனைவி பச்சையம்மாள் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், "புயல் இல்ல, சாயங்கால மழ. எண்ணூறு இல்ல, இருநூறு" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள். போகட்டும். பந்தல் நின்றது நிஜம். நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம்தான் இந்தப் பயணத்தைக் கெடுத்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

பந்தல்காரனுக்கு வருஷத்தில் இரண்டு மாதம்தான் ஓய்வு. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஒன்று காற்று மாதம், மற்றது பனி மாதம். பச்சையம்மாளுக்கு வீசிங் உண்டு. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். ஆக, எனக்கு ஓய்வு கிடைக்கிற இரண்டு மாதமும் அவள் வெளியே தலைகாட்டக் கூடாத மாதங்கள். கல்யாணமான வருஷம் ஊட்டிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் வேன். புதுச்சேரிப் பக்கம் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன மஞ்சள் வேனை வாங்கினேன். பதினான்கு வயசு வண்டி. இருக்கைகளைக் கழற்றி, கடைசிப் பக்கம் பிளைவுட்டில் கட்டில் அடித்து, அதன் தலைமாட்டுக்கு மேலே துணிமணி வைக்கப் பரண் கட்டி, சுவருக்கும் கூரைக்கும் உள்பக்கம் நுரைப்பஞ்சு வைத்து பிளைவுட் அடித்து, அதற்கு மேல் என் பழைய மேடை அலங்கார வெல்வெட்டையே ஒட்டினேன். அரண்மனை மாதிரி இருந்தது. தெருவில் நின்று, "ஊட்டியில ஐஸ் கட்டியே விழுந்தாலும் உள்ளாற எறும்பு கூட நுழையாது" என்று அறிவித்தேன்.

பச்சையம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எறும்பு வந்தா வரட்டும்ங்க. காத்துதான் வரக்கூடாது" என்றாள். பிறகு கணக்காக ஒரு ஒப்பந்தம் போட்டாள். "மூணு ராத்திரி. விழுப்புரம் திண்டிவனத்துக்குள்ளயே சுத்துங்க. மூஞ்சில காத்து படலன்னா ஊட்டிக்கு வர்றேன். பட்டுச்சின்னா வண்டிய வித்துட்டு வேற வேலைய பாருங்க."

சரி என்றேன். முப்பது வருஷத்தில் அவள் எங்கேயாவது வருகிறேன் என்று வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

முதல் நாள் மாலை மூன்று நாற்பதுக்கு விழுப்புரத்தை விட்டோம். திருவாமாத்தூர் ஏழு கிலோமீட்டர்தான், மெதுவாகப் போய் இருபத்தைந்து நிமிஷத்தில் சேர்ந்தோம். அபிராமேஸ்வரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, யார் வழியையும் மறிக்காத ஒரு காலியிடம் பார்த்து நிறுத்தினேன். மார்கழி என்பதால் விடியற்காலையில் கோயிலுக்கு ஆள் வரும், பயமில்லாத இடம். தரிசனம் முடித்து, வண்டிக்குள்ளேயே ரவா உப்புமா கிண்டினாள். நாங்கள் இரண்டு பேர், ஒரு அடுப்பு, வெல்வெட் சுவர். "நல்லாதான் இருக்குது" என்றாள். இந்த இரண்டு சொல்லை வாங்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் இருமல் என்னை எழுப்பியது. எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள்.

"எங்கிருந்தோ வருதுங்க. ஐஸ் மாதிரி. நேரா மூஞ்சிக்கே வருது."

அவளைக் கம்பளி சுற்றி முன் சீட்டில் உட்காரவைத்து, வண்டிக்கு நடுவே கட்டியிருந்த திரையை இழுத்து விட்டுவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தினேன். காற்று வரும் வழியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி, விசிறியெல்லாம் அணைத்து, கையை ஆட்டாமல் பிடிக்க வேண்டும். புகை நேராக மேலே போனால் அந்த இடத்தில் குற்றமில்லை. சாய்ந்தால் எதிர்ப்பக்கத்தில் ஓட்டை.

ஜன்னல் ஓரத்தில் கொஞ்சம் சாய்ந்தது. கியர் கம்பிக்கு அடியில் கொஞ்சம். தரையில், பிள்ளைகளின் சீட்டைக் கழற்றிய இடத்தில் போல்ட்டு ஓட்டைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தெட்டு. அவற்றின் மேல் நான் பாய்தான் போட்டிருந்தேன். அங்கேயும் சாய்ந்தது. இதெல்லாம் பழைய வண்டியில் இருப்பதுதான். கடைசியாகத் தலையணைக்கு நேரே கொண்டுபோனேன். புகை மேலே கிளம்பி, ஒரு முழம் போய், யாரோ கையால் அமுக்கியது மாதிரி கீழே விழுந்து தலையணையில் பரவியது.

மேலே கையை நீட்டினேன். பரணுக்குப் பின்னாலிருந்து காற்று வந்து என் விரலில் இறங்கியது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

பந்தல் ஏன் பறக்காது என்று சொல்கிறேன். கீழே நுழைகிற காற்றுக்கு வெளியே போக வழி இல்லையென்றால் அது கூரையைத் தூக்கிவிடும். அதனால் நான் கூரைத் துணியைக் கட்டும்போது, ஒரு பக்கம் மேலே ஒரு சாண் திறந்து விடுவேன். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, தோரணம் மறைத்துவிடும். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தச் சாண் வழியை விடாமல் ஒரு பந்தலையும் நான் முடித்ததில்லை. வேனுக்குள் பிளைவுட் அடிக்கும்போதும் என் கை அதையே செய்திருக்கிறது. யோசித்துச் செய்யவில்லை. பரணுக்குப் பின்னால், மேல் மூலையில், ஒரு சாண். அதற்கு மேலே பழைய பள்ளிக்கூட வண்டியின் கூரைக் காற்றுப்போக்கி, மூடி நெளிந்துபோனது. பனி அதன் வழியாக இறங்கி, நான் விட்ட வழியில் நுழைந்து, நான் போட்ட தலையணையில் என் பெண்டாட்டி முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க, கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

அதைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முப்பத்திரண்டு திருகாணியைக் கழற்றிப் பரணை இறக்கி, ஒரு பலகையை வைத்து அடைத்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே அவளைப் படுக்கவைத்திருக்கலாம். ஆனால் எறும்பு நுழையாது என்று தெருவில் நின்று சொன்னவன் நான். "ஜன்னல் ரப்பர் போயிடுச்சி. வித்தவன் ஏமாத்திட்டான்" என்றேன்.

நம்பினாள். பாவம், அந்த வியாபாரியைத் திட்டக்கூடச் செய்தாள்.

இரண்டாம் நாள் காலை எட்டரைக்குக் கிளம்பி, திரும்ப விழுப்புரம் வந்து, விக்கிரவாண்டி வழியாகத் திண்டிவனம். நாற்பத்தைந்து கிலோமீட்டர், டீக்கு நின்றதோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம். செஞ்சி ரோட்டில் ரப்பர் பீடிங் விற்கிற ஒரு சின்னக் கடை இருந்தது. கடைக்காரர் பாய் வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா அண்ணே, ஸ்கூல் வண்டியா? புள்ளைங்க எங்க?"

"எல்லாம் எறங்கிடுச்சிங்க பாய். டீச்சரம்மா மட்டும் குந்திக்கினு இருக்காங்க" என்றேன்.

"பெயில் ஆன பையன் ஒருத்தன் ஓட்டிக்கினு வர்றான், அதையும் சொல்லுங்க" என்றாள் பச்சையம்மாள் உள்ளேயிருந்து. பாய் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நல்ல மனிதர். ஜன்னல் கண்ணாடி ஓடுகிற பள்ளத்துக்கு மயிர் வைத்த பீடிங், கதவு விளிம்புக்கு நடுவில் குழாய் மாதிரி ஓட்டை உள்ள பீடிங் என்று பிரித்து எடுத்துக் கொடுத்தார். கதவுக்கானது மீட்டர் அறுபது ரூபாய், ஒன்பது மீட்டர் பிடித்தது. ஜன்னலுக்கானது மீட்டர் முப்பத்தைந்து, பதினான்கு மீட்டர். தரை ஓட்டைக்கு, இரண்டு நிற உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து அடைக்கிற பசை ஆறு பொட்டலம். அளந்து வெட்டிக்கொண்டே, "காத்து எங்கண்ணே படுது?" என்று கேட்டார்.

"மூஞ்சில பாய்" என்றாள் இவள். "மேலேந்து எறங்குது."

பாய் கத்திரிக்கோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மேலேந்து எறங்குதுன்னா கூரைய பாருங்க அண்ணே. கூரையில தொறந்து கெடந்தா, ஜன்னலுக்கு நீங்க இன்னா போட்டாலும் வேஸ்ட்டு. சும்மா பேஜாருதான்."

"என் கூரையா!" என்றேன். "பாய், நான் யாருன்னு தெரியுமா? கலெக்டர் ஆபீசுல பந்தல் போட்டவன்."

பாய் மிச்சத்தை வெட்டினார். எனக்கு வேர்த்துவிட்டது. மார்கழியில் வேர்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் பத்து கிலோமீட்டர். மதியம் இரண்டு மணிக்குச் சேர்ந்தோம். ஏழுமலை என்ற விவசாயி தன் களத்து ஓரத்தில் நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார். நாற்பது வயசு இருக்கும். வேனைப் பார்த்து, "இன்னா அண்ணே, வூட்டையே பேத்து எடுத்துக்கினு வந்துட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு முறம் நிறைய வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தார். மல்லாட்டை என்றால் நிலக்கடலை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்று மணி நேரம் வேலை பார்த்தேன். ஜன்னலெல்லாம் பீடிங் மாட்டி, கதவுக்கு மாட்டி, நாற்பத்தெட்டு ஓட்டையையும் பசை வைத்து அடைத்தேன். கியர் கம்பிக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சட்டை போட்டேன். வேலை என்றால் அது வேலை. ஏழுமலை பக்கத்தில் குந்தியபடி மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. புயல் கதையை எடுத்துவிட்டேன். இந்த முறை ஆயிரத்து இருநூறு பேர் சாப்பிட்டார்கள்.

"எப்டி அண்ணே பறக்காம நின்னுச்சி?" என்று அவர் கேட்டார்.

"அது தொழில் ரகசியம். மேல ஒரு ஜாண் வழி உடுவேன். காத்து உள்ள வந்துட்டு, மரியாதையா வெளிய பூடும். நம்ம கைக்கு அது தானா வரும். தூக்கத்துல கட்டினாலும் அந்த ஒரு ஜாண் இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் பச்சையம்மாள் பம்ப் செட்டிலிருந்து குடத்தோடு வந்து பின்னால் நிற்பது தெரிந்தது.

"அப்ப வண்டிலயும் ஒரு ஜாண் உட்டுட்டீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஏழுமலையும் சிரித்தார்.

இரண்டாவது வாய்ப்பும் வந்தது. அதையும் விட்டேன். "வண்டி வேற, பந்தல் வேற. இதுகூடவா எனக்குத் தெரியாது?" என்றேன்.

"சும்மா கேட்டேன்ங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்தரைக்கு, அவள் ஏழுமலை வீட்டுப் பெண்களோடு பேசப் போனாள். என்னிடம் அரை மணி நேரம் இருந்தது. பரணைக் கழற்றினால் வெல்வெட் கிழியும், அவளுக்குத் தெரிந்துவிடும். பரண் இடுக்கு வழியாகக் கை மட்டும் போகும். எதையாவது திணித்து அடைக்க வேண்டும். களத்து மூலையில் மல்லாட்டைத் தோல் ஒரு மூட்டை கிடந்தது. காய்ந்த ஓடு, லேசானது, குளிரைத் தாங்கும் என்று என் புத்திக்குப் பட்டது. அப்போது எனக்கு அது விஞ்ஞானி யோசனை மாதிரி இருந்தது, வேறென்ன சொல்ல. ஏழுமலையிடம் கேட்டு இரண்டு சாக்குத் துண்டில் கட்டி, இடுக்கில் விட்டுக் குச்சியால் தள்ளி இறுக்கினேன். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை நேராக, கோடு போட்ட மாதிரி மேலே போனது. அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலே முக்காலுக்கு அவள் என் தோளைத் தட்டினாள். தட்டியதே தவிரப் பேச்சு வரவில்லை. இருமல்கூட வரவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. கழுத்து நரம்பு தெரிந்தது. கையில் அவளுடைய வீசிங் மருந்து பம்பு இருந்தது, இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. வெளியே காற்று எழுந்திருந்தது. டார்ச் அடித்தேன். டார்ச் வெளிச்சத்தில், தலையணைக்கு மேலே, பொடி இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கு இடுக்கு வழியாக, மெதுவாக, சலித்த மாவு மாதிரி. மல்லாட்டைத் தூசி. அவள் அதைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறாள்.

ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் பத்து கிலோமீட்டர். நாற்பது நிமிஷம் ஆனது. பனி கண்ணாடிக்கு வெளியே சுவராக நின்றது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். எல்லா ஜன்னலையும் அடைத்திருந்தேன் அல்லவா, உள்ளேயும் கண்ணாடி வேர்த்து, ஒரு கையால் துடைத்து ஒரு கையால் ஓட்டினேன். அவள் பக்கத்துக் கண்ணாடியைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். புது பீடிங் பிடித்துக்கொண்டு கண்ணாடி நகரவில்லை. நான் மாட்டிய பீடிங். அவ்வளவு இறுக்கம். அந்த நாற்பது நிமிஷத்தில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெருமையாகச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லாத நாற்பது நிமிஷம் என் ஆயுசில் அதுதான்.

ஆஸ்பத்திரியில் உடனே மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. நர்சம்மா அவள் தலையைச் சரிசெய்யும்போது நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, தலையெல்லாம் மல்லாட்டைத் தோலு? களத்துலயா படுத்துக்கினு இருந்தீங்க?"

நான், "பனிங்க சிஸ்டர், பனி ஒத்துக்கல" என்று ஆரம்பித்தேன்.

பச்சையம்மாள் கையை உயர்த்தித் தலையிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்தாள். அதைப் பார்த்தாள். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, என்னைப் பார்த்து, காற்றுக் குரலில் கேட்டாள்.

"ஒரு ஜாணா?"

"ஒரு ஜாண்" என்றேன். "முதல் நாளே தெரியும்."

மாஸ்க்கைத் திரும்ப வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எட்டு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வேனைத் தாண்டிப் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். நான் கதவைச் சாத்தினேன். விழுப்புரம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். முப்பத்தெட்டு கிலோமீட்டரும் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். நடுவில் இரண்டு முறை பக்கத்தில் போகிற சந்தர்ப்பம் வந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் கண்ணாடியெல்லாம் திறந்து விட்டிருந்தார்கள், வெயில் வந்துவிட்டிருந்தது. முக்காடு பறக்கப் பறக்க, அத்தனை காற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டு, இருமாமல், அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

இனி உங்களுக்கு உபயோகமான விஷயங்களைச் சொல்கிறேன், என் பிழைப்பை விடுங்கள். விழுப்புரம் பக்கம் மார்கழியில் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறரை வரைதான் பனி கடுமை. பழைய வேனில் அதைத் தாங்கினால் போதும். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஊதுபத்திச் சோதனை செய்யுங்கள், மூச்சு நோவு உள்ளவர்களை வெளியே அனுப்பிவிட்டு. முதலில் தரை ஓட்டை, பிறகு கூரை, கடைசியில்தான் ஜன்னல்; எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். பீடிங் மாட்டிய பிறகு கண்ணாடி திறக்கிறதா என்று நாலு முறை இழுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிடவும் கூடாது. உள்ளே இரண்டு பேர் மூச்சு விட்டால் காலையில் கூரையே சொட்டும். கால்மாட்டில், தாழ்வாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழி வையுங்கள், முகத்துக்கு நேரே வேண்டாம். பொடி உதிர்கிற எதையும், வைக்கோலோ உமியோ தோலோ, மூச்சு விடுகிற இடத்துக்கு மேலே வைக்காதீர்கள். எனக்கு ஆன செலவு, டீசல் பன்னிரண்டு லிட்டரும் பீடிங்கும் பசையும் சேர்த்து இரண்டாயிரத்து எழுநூறுக்குள். பாய் சொன்ன யோசனைக்குக் காசு வாங்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் மற்றதெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

வீட்டுக்கு வந்த மறுநாளே பரணை இறக்கினேன். முப்பத்திரண்டு திருகாணி, ஒரு மணி நேர வேலை. காற்றுப்போக்கியின் மூடியை நிமிர்த்தி, ரப்பர் வைத்து, அந்த ஒரு சாணுக்குப் பலகை அடித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போய்த் தினமும் ஊதுபத்தி பிடித்துப் பார்க்கிறேன். புகை அசையாமல் மேலே போகிறது. அவளைக் கூப்பிட்டேன். வரவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வண்டி விற்பனைக்கு என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வானூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். கட்டட வேலைக்கு ஆள் ஏற்றிப் போக வேண்டுமாம். வெல்வெட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "காலைல அஞ்சு மணிக்கு ஆளுங்கள ஏத்தணும் அண்ணே, பனி நேரம். காத்து கீத்து வருமா?" என்று கேட்டார்.

பச்சையம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

எறும்பு கூட நுழையாது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். "வந்துச்சிங்க" என்றேன். "நான்தான் தப்பா வழி உட்டு அடிச்சிட்டேன். அத மறைக்க மல்லாட்டைத் தோல வெச்சி அடைச்சேன். எங்க வூட்டம்மா ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி ஆயிடுச்சி. இப்ப சரி பண்ணிட்டேன். சரியாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன், உறுதியா சொல்லத் தெரியல."

மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இதுவரை போன் வரவில்லை.

அவர் போன பிறகு அவள் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதோடு வேனின் படியில் உட்கார்ந்தாள். உள்ளே ஏறவில்லை. காலைத் தெருவில் ஊன்றிக்கொண்டு, படியில் மட்டும். காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு, "ஆடிக்கு இன்னும் எத்தன மாசம்ங்க இருக்குது?" என்று கேட்டாள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். "ஆறு" என்றேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.